கென்ஃபா பார்க்காத பூ

எங்கள் மலையில் எந்த இடுக்கில் எந்தப் பிளம் மரம் நிற்கிறது என்று கேட்டால், என் வீட்டுக்காரர் செங் கென்ஃபா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அது என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். தொழில் அப்படி. இலை உதிர்ந்த பிறகு, மொட்டு விடுவதற்கு முன்னால் தோண்டினால்தான் மரம் பிழைக்கும். கிளைகளை அறுத்துவிட்டு, அடிக்கட்டையை வேரோடு பெயர்த்து, வைக்கோல் கயிறு சுற்றித் தோளில் போட்டு இறக்குவார். நகரத்துக்காரர்களுக்குத் தொட்டியில் வைத்து அழகு பார்க்க முறுக்கும் முண்டுமான கிழட்டுக் கட்டைதான் வேண்டும். நிலாக் கணக்குப் புத்தாண்டு முடிந்து மலையில் பூ வெடிக்கிற நாட்களில், இந்த மனுஷன் அடுப்புப் பக்கத்தில் அரிசி மதுவோடு கிடப்பார்.

போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருத்தர் குடியைக் கெடுக்காத மனுஷன் என்று ஊரே சொல்லி அழுதது. நானும் அழுதேன். ஆனால் அந்தப் பேச்சுக்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் கிழக்குச் சரிவில் ஒரு மரம் பார்த்தார். இடுப்பளவு அடிமரம், நடுவில் பொந்து, கிழவி முதுகு மாதிரி வளைவு. தோண்டப் போனவர் மத்தியானமே வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அடியே, வேருக்குள்ள எலும்பு கிடக்கு. ஒரு கிண்ணமும் இருக்கு. யாரோட கல்லறையோ."

எலும்பு வந்தால் மண்ணைத் தள்ளி மூடி, செத்தவர்களுக்கென்று காகிதம் எரித்துக் கும்பிட்டுவிட்டு மரத்தை விட்டுவிட வேண்டும். தோண்டுகிறவர்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. அவரும் அதற்குத்தான் காகிதம் கேட்டு வந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோவ், கூரை ஒழுகுது. பாத்திரம் வச்சு வச்சு என் இடுப்பு போச்சு. பேர் தெரியாத எலும்புக்காக அந்த மரத்தை விட்டுட்டு வருவியா? எலும்பை ஓரமாப் புதைச்சிட்டு மரத்தைக் கொண்டா."

எலும்பை ஓரமாகப் புதைத்துவிட்டு மரத்தைக் கொண்டுவந்தார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கூரைக்குப் புது ஓடு போட்டோம். மழை பெய்கிற நாளெல்லாம் அவர் அண்ணாந்து அந்தப் புது ஓடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பதினோரு வருஷம் கழித்து, முதல் மாதம் எட்டாம் தேதி, பனிக்குள் நடந்து ஒரு அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தாள். பெயர் ஹூ சைஷியா. அறுபதைத் தொடுகிற வயது. மார்போடு சேர்த்துத் துணியில் கட்டிய ஒரு ஜாடி.

பஞ்ச காலத்தில் அவள் அம்மா இந்த மலையில்தான் செத்துப்போனாளாம். கல் நட வழியில்லை. ஏழு வயதுச் சைஷியா வீட்டு முற்றத்திலிருந்த பிளம் கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் நட்டாளாம். அப்புறம் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வேற்று மாவட்டத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார். இப்போது அப்பாவும் இல்லை. ஜாடியில் இருப்பது அவர் சாம்பல்.

"என்னை அவ பக்கத்துல வைன்னு மட்டும்தான் கேட்டாரு," என்றாள். "வருஷா வருஷம் கல்லறை பெருக்குற சிங்மிங்குக்கு வந்து தேடுறேன், தம்பி. அப்ப மலையே பச்சையா இருக்கு, எது எந்த மரம்னே தெரியல. அதான் இந்தத் தடவை பூக்குற நேரமாப் பார்த்து வந்தேன். பூவைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். ஏன்னா அந்தப் பூ..."

"கிழக்குச் சரிவா அக்கா?" என்று இடையில் புகுந்தார் அவர்.

"ஆமா. பக்கத்துல ஒரு பிளந்த பாறை இருக்கும்."

நான் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியும் அக்கா, தெரியும். நான் காட்டுறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் கூட்டிக்கொண்டு போனார். கிழக்குச் சரிவுக்கு அல்ல, அதற்கு அடுத்த மடிப்புக்கு. அங்கே ஒரு பாறையோரம், பனிக்கு நடுவில், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். நானும் மண்வெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன், பாவி. சைஷியா வெகுநேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஜாடியை எங்கே வைக்கலாம் என்று கேட்டாள். குழியை அவர்தான் வெட்டினார். கை நடுங்கி, மண்வெட்டி இரண்டு தடவை கல்லில் பட்டது.

அன்றோடு தோண்டுகிற தொழிலை விட்டுவிட்டார். மூங்கில் குருத்து பறித்து விற்று, மனசில்லாமல் ஏதோ பிழைப்பை ஓட்டினார்.

சைஷியா வருஷா வருஷம் பூக்கிற நாளில் வந்தாள். எள் ரொட்டி கொண்டுவருவாள். மலைக்குப் போய்க் காகிதம் எரித்துவிட்டு, இறங்கி வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்ப்பாள். "சாப்பிடுங்க தம்பி. ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க?" என்பாள். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். அவள் போனதும் கோழிக்குப் போட்டுவிடுவார்.

"சொல்லித் தொலையேன்யா!" என்று ஒரு தடவை கத்தினேன்.

"நீ சொல்லு. உனக்குத்தானே கூரை வேணும்னு இருந்துச்சு?"

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

சைஷியா வரத் தொடங்கிய நான்காவது வருஷம் கிழக்குச் சரிவு முழுக்க இயந்திரம் விட்டுச் சமன் பண்ணி, தேயிலை நட்டார்கள். அன்று மலைக்குப் போனவர் சாயங்காலம் வந்து படுத்தார். பழைய கென்ஃபா அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு வருஷம் இருமி இருமித் தேய்ந்து, போன மாதம் அடங்கிவிட்டார்.

நேற்று சைஷியா வந்தாள். அவர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுது, அத்தனையையும் கொட்டிவிட்டேன். எலும்பு, கிண்ணம், ஓடு, அன்று நான் சொன்ன சொல் உட்பட.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. எங்க முற்றத்துல இருந்தது சிவப்புப் பிளம். நான் நட்டதும் சிவப்பு. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அவரு விடல. இந்த மலைக்காட்டுல தானா முளைச்சது எல்லாமே வெள்ளைதானே?"

"அப்புறம் ஏன் அக்கா அங்கே வச்சீங்க?"

"மண்வெட்டி பிடிச்ச அவரு கையைப் பார்த்தேன். மரம் போயிடுச்சுன்னு புரிஞ்சுபோச்சு. மரம் இல்லாம, அம்மா எங்கன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவருதான். அவரா வாயைத் திறந்தா அப்பாவை எடுத்து அம்மா பக்கத்துல மாத்திடலாம்னு ஆறு வருஷம் வந்து உட்கார்ந்தேன்."

"கேட்டிருக்கலாமே அக்கா! ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டா இல்லவே இல்லைன்னு சாதிச்சிடுவாரோன்னு பயம்."

பிறகு அவள் எழுந்து துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப நீயாவது அந்த இடத்தைக் காட்டு."

கிழக்குச் சரிவுக்குப் போனோம். பிளந்த பாறையை உடைத்துத் தடுப்புச் சுவரில் வைத்துவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய வரை வரிசை வரிசையாகத் தேயிலை. அவர் தோண்டிய நாளில் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சைஷியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இங்கேயா? அங்கேயா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.