ஏழு படகும் ஐந்நூற்று எண்பத்தைந்து டின்னும்

எண்ணக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இந்த எழுபத்து நான்காவது வயது வரை, நான் எண்ணியதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அது நடந்தது வேலூர்க் கோட்டை அகழியில். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த ஆண்டுதான் என் தாய்மாமா அகழிப் படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மொத்தம் ஏழு படகுகள், எல்லாம் மரத்தால் ஆனவை. மாலையில் ஊர் மக்களை ஏற்றி மதிலோரமாக ஒரு சுற்று காட்டுவது வருமானத்துக்கு. ஆகாயத்தாமரையை அரித்தெடுப்பதும், பாசி வாருவதும், அகழிக்கு நீர் வரும் வாய்க்காலில் அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்வதும் குத்தகையோடு ஒட்டி வந்த கடமைகள். முந்தைய குத்தகைக்காரர் படகு விடுவதை மட்டும் செய்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டாராம். அதனால்தான் குத்தகை கைமாறியது. அவர் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வருவார். 'கண்ணு வச்சிட்டான்' என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அது அவரைத்தான்.

மரப் படகைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அது தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. கோடையில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். வேலை முடிவதற்குள் மரம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிடும். அப்படியே தண்ணீரில் விட்டால் இடுக்கெல்லாம் ஒழுகும். ஆகவே படகை ஆழமில்லாத இடத்தில் இறக்கி, உள்ளே கற்களைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் மூழ்கடித்து வைக்க வேண்டும். பலகை ஊறிப் பருத்து ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டால் பத்துப் பேர் ஏறினாலும் சொட்டு உள்ளே வராது.

மாமாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய தோஸ்த். துடுப்புப் போடுகிறவர். மாமா அவரை 'தோஸ்த்' என்றே கூப்பிட்டதால் நான் 'தோஸ்த் மாமா' என்பேன். எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாமாவுக்கு இரண்டு பரீட்சை. படகுகளைச் சோதிக்க அதிகாரி வருகிறார். ஒவ்வொரு படகிலும் அவரே உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்து, தேறியதற்குச் சுண்ணாம்பால் குறி போடுவார். ஐந்து படகாவது தேறினால்தான் குத்தகை நீடிக்கும். இரண்டாவது பரீட்சை, பெண் வீட்டார். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த ஒருவர், தன் மகளை மாமாவுக்குக் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளை தண்ணீரை நம்பிப் பிழைக்கிறாரே, அது நிலைக்குமா என்று நேரில் பார்க்க வருகிறார். இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயலில்லை. அதிகாரி குறி போடுவதை மாமனார் கண்ணால் பார்க்கட்டும் என்பது மாமாவின் கணக்கு.

வருங்கால மாமனாரை அழைத்துவர மாமா ஞாயிறு விடியற்காலையிலேயே ஆம்பூருக்குக் கிளம்பினார். தோஸ்த் மாமா பேரணாம்பட்டில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். மாமா என்னை எழுப்பிச் சொன்னார்.

"டேய், எண்ணுற புத்தி உனக்குத்தான் ஜாஸ்தியாச்சே. கோட்டைக்குப் போயி படகு ஏழும் இருக்கான்னு எண்ணிட்டு வந்துடு. தண்ணில மட்டும் எறங்காத."

போனேன். எண்ணினேன். ஏழும் இருந்தன. ஆனால் ஏழும் மூழ்கியிருந்தன.

விளிம்பு மட்டும் நாலு விரல்கடை வெளியே தெரிய, உள்ளே பச்சைத் தண்ணீர். எட்டிப் பார்த்தேன். அடியில் கற்கள். ஒரு படகில் எட்டு, அடுத்ததிலும் எட்டு. கல் தானாக ஏறிப் படகில் உட்காருமா? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண் வைத்தவன் கையையும் வைத்துவிட்டான்! நாளைக்கு அதிகாரி வருவார், ஆம்பூர்க்காரர் வருவார், மாமா இந்தப் படித்துறையில் நின்று அழுவார். தண்ணீரில் இறங்காதே என்று சொன்னபோது மாமாவுக்கு இந்த நிலைமை தெரியாது. ஆகவே அந்தக் கட்டளை செல்லாது என்று முடிவு செய்தேன்.

கரையில் ஒரு பெயிண்ட் டின் கிடந்தது. முதல் படகின் எட்டுக் கற்களையும் தூக்கி, எதிரி திரும்ப எடுக்க முடியாதபடி ஆழமான பக்கமாக எறிந்தேன். பிறகு மொள்ள ஆரம்பித்தேன். எண்ணாமல் இருந்திருந்தால் நாற்பதாவது டின்னிலேயே விட்டிருப்பேன். எண்ணிக்கை இருக்கிறதே, அது ஆளை விடாது. நூறு வந்தால் நூற்றைம்பது பார்க்கத் தோன்றும். முதல் படகு இருநூற்றுப் பன்னிரண்டு டின்.

வேர்க்கடலை விற்பவர் ஒருவர் கூடையோடு நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி பண்ற?"

"எங்க மாமா படகுங்க. எவனோ கல்லைப் போட்டு முழுக வச்சிட்டான்."

"அடப்பாவி! நல்லா இருப்பானா அவன்?" என்று அவர் எதிரியைப் பெற்றவர்கள் வரை திட்டிவிட்டு, ஒரு கை கடலை கொடுத்துப் போனார். பத்தொன்பது கடலை. அவர் திட்டியது எனக்கு இன்னும் ஒரு படகுக்கான தெம்பைக் கொடுத்தது.

இரண்டாவது படகு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றாவது நூற்று எழுபத்தைந்து. அதற்குள் உச்சி வெயில் ஏறி, உள்ளங்கையில் ஐந்து கொப்புளம். நாலாவது படகைத் தொட முடியவில்லை. மூன்று படகுகளும் வெயிலில் காய்ந்தபடி லேசாக மிதந்தன. பார்க்கப் பெருமையாக இருந்தது. வீட்டில் அம்மா, "ஏழும் இருக்காடா?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். தண்ணீரில் இறங்கிய கதையைச் சொன்னால் முதுகு பழுக்கும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன். கேட்டதற்குப் பதில் சரியாகத்தான் சொன்னேன்.

திங்கள் காலை தோஸ்த் மாமா பேரணாம்பட்டிலிருந்து நேராகப் படித்துறைக்கு வந்திருக்கிறார். மூன்று படகு காலியாக மிதப்பதைப் பார்த்து, மாமா நேற்றே திரும்பி வந்து வேலையைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து, மீதி நாலையும் இறைத்துவிட்டார். நான் போனபோது ஏழும் வரிசையாக மிதந்தன. இரவோடு இரவாக யாரோ எனக்கு உதவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். பளபளக்கும் பூட்ஸ், கையில் ஃபைல், குடை. அவருக்கு இரண்டு நிமிடம் பின்னால் மாமாவும் ஆம்பூர்க்காரரும் வேர்க்க வேர்க்க வந்தார்கள். ஆம்பூர்க்காரர் கனத்த உடம்பு. வெள்ளை வேட்டி, சுண்ணாம்பில் வெந்து வெளுத்த விரல்கள். மாமாவுக்குப் படகைச் சரிபார்க்க நேரமில்லை. மரியாதையாக, "நீங்களும் சாரோட ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மாமா" என்று வருங்கால மாமனாரைக் கைபிடித்து ஏற்றினார். படித்துறைக்கு அருகில் நின்றது இரண்டாம் எண் படகு. நூற்றுத் தொண்ணூற்றெட்டு டின்.

காலிப் படகு உயரமாக மிதக்கும். அதன் மேல் பலகைகள் ஒரு பகல் முழுக்க வெயிலில் காய்ந்திருந்தன. இரண்டு பெரிய உடம்புகள் ஏறியதும் படகு தாழ்ந்தது, காய்ந்த பலகைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போயின. இருபது துடுப்பு போவதற்குள் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா காலெல்லாம் ஈரம்?"

"ஒண்ணுமில்ல சார், அகழித் தண்ணி. கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்றார் தோஸ்த் மாமா, துடுப்பை வேகமாகப் போட்டபடி.

"உள்ள எதுக்குய்யா ஜில்லுனு இருக்கணும்?"

அதிகாரி பூட்ஸ் காலிரண்டையும் தூக்கிக் குறுக்குப் பலகை மேல் வைத்துக்கொண்டார். ஃபைல் தலைக்கு ஏறியது. ஆம்பூர்க்காரர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் எந்தப் பலகை வழியாக வருகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோஸ்த் மாமா படகைத் திருப்பினார். படித்துறைக்கு இருபது அடி இருக்கும்போது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கரையில் மாமாவின் பக்கத்தில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நேத்து இதுல நான்தான் நூத்தித் தொண்ணூத்தெட்டு டின் மொண்டேன். கல்லைக்கூட எடுத்துப் போட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் மொண்டா சரியாப்பூடும்!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார். ஒன்றாவதும் மூன்றாவதும் காய்ந்து வெளுத்திருந்தன, மற்ற நாலும் ஈரத்தில் கறுத்திருந்தன. அவர் முகம் வெளிறிப்போனது. அடுத்த கணம் அவருடைய உள்ளங்கை என் வாயை மூடியது. குங்கிலிய வாசனை மூக்கில் ஏறியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தனக்கு ஒரு எதிரி இருக்கிறான், அவன் படகை மூழ்கடித்துவிட்டுப் போனான் என்பது புதுச் சம்பந்திக்குத் தெரிந்தால் மாமாவுக்கு அவமானம். ஆகவே அதை மறைக்கிறார். மறைக்கட்டும். இனி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

கரையேறிய அதிகாரி ஒரு பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"குத்தகை வேணும்னு எழுதிக் குடுத்தது நீதானே? ஆளைச் சாவடிக்கப் பாக்குறியா?"

தோஸ்த் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார்.

"இந்தப் படகை ஊறப் போட மறந்துட்டேன் சார். மொத மூணையும் மறந்துட்டேன். மத்த நாலும் ஊறியிருக்கு. தப்பு என்னுதுதான்."

"மறந்துட்டேன்னு சொல்றவன்கிட்ட ஜனங்களை எப்படிய்யா ஏத்தி அனுப்புறது?"

மாமா என் வாயிலிருந்து கையை எடுத்துத் தோளில் வைத்தார். அதிகாரி ஃபைலைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் ஆம்பூர்க்காரர் வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்தார்.

"சார், நான் தோல் கம்பெனில ஊறல் மேஸ்திரி. உப்புத் தோலு வந்து எறங்கும்போது அப்பளமாட்டம் கெடக்கும். ஊறாம மடிச்சா ஒடஞ்சிடும். அதுக்காகத் தோலைக் குப்பைல போடுவோமா? தொட்டில போட்டா துணியாட்டம் ஆய்டும். மரமும் அப்படித்தான் சார். மத்த நாலையும் பாத்துடுங்க. இதுங்களுக்கு ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாள் கழிச்சும் ஒழுகினா?"

"நானும் கூடவே உக்கார்றேன் சார். ரெண்டு பேரும் சேந்தே முழுகலாம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனிதரால் அதற்கு மேல் கடுமையாக எழுத முடியவில்லை. மீதி நாலு படகிலும் ஏறிப் பார்த்தார், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாலு சுண்ணாம்புக் குறி விழுந்தது. ஐந்துக்கு ஒன்று குறைவு. புதன்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை மற்ற மூன்றும் தேறின. நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல, திங்கள் மாலையைப் பற்றி.

குத்தகை அப்போது நாலு குறிக்கும் ஐந்து குறிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று படகுகளையும் திரும்பக் கல் போட்டு மூழ்கடித்தபோதுகூட, "புதுக் கல்லு இருபத்திநாலு கொண்டா" என்று மட்டும்தான் சொன்னார். எதிரி செய்ததையே மாமாவும் செய்கிறாரே என்று நினைத்தேன். பெரியவர்கள் காரியத்தில் தலையிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆம்பூர்க்காரரைப் பேருந்து ஏற்றிவிட மாமாவும் நானும் அவரோடு நடந்தோம். பாதி வழியில் அவர் என் காதைப் பிடித்து மெதுவாகத் திருகினார்.

"தம்பி, காலையில கரையில நின்னு இன்னாவோ கணக்கு சொன்னியே. எத்தினி டின்னு?"

அந்தத் தூரத்தில் அவருக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மாமாவின் மானம் என் கையில் இருந்தது.

"டின்னா? நான் ஒண்ணுமே சொல்லலியே தாத்தா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆம்பூர்க்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"மறந்துட்டேன்னு மாமன் ஒரு பொய். சொல்லவே இல்லைன்னு மருமான் ஒரு பொய். உங்க வூட்ல எல்லாருமே இப்படித்தானா?" என்றவர், மாமாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வர்ற வெள்ளிக்கெழம உங்க அக்காவக் கூட்டிக்கினு பூ வைக்க வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

பேருந்து கிளம்பிப் போய்விட்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க்காரக் குடும்பம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அதே வீட்டுக்குப் பெண்ணையும் கொடுக்கிறாரே, இந்த மனிதருக்குக் கணக்கே தெரியாதோ என்று அவர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.