சாயம் மட்டும் பூசிய மூட்டை

என் வீட்டுக்காரருக்குச் 'சாயக்கை' என்று பட்டப்பெயர். விதைக் கொட்டகையில் மக்காச்சோள விதைக்கு மருந்து கலப்பவர். விதையோடு பூஞ்சைக்கொல்லியை டிரம்மில் போட்டுச் சுழற்றுவார். மருந்து ஏறியதை யாரும் தவறித் தின்றுவிடக் கூடாதென்று சிவப்புச் சாயமும் சேர்ப்பார். கையுறை போடச் சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்தச் சிவந்த கையை நீட்டி நீட்டித்தான் ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவார்.

சொந்த அண்ணனோடு மட்டும் பேச்சு கிடையாது. அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரே கிணறு. தண்ணீர் விடுவதில் முட்டிக்கொண்டவர்கள், எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். ஆனால் கொட்டகை ஒன்றுதான். அண்ணனின் விதையும் இவர் கைக்குத்தான் வந்தாக வேண்டும்.

இந்தத் தடவையும் வந்தது. விதையை நிழலில் உலர்த்துவது என் வேலை என்பதால் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் விதைக்கு மருந்தும் சாயமும் போட்டார். அண்ணன் விதைக்கு வெறும் சாயம். மண் சொதசொதவென்று கிடந்த பருவம். மருந்தில்லாத விதை முளைக்கும் முன்பே அழுகிவிடும். பிள்ளைகுட்டிக்காரர், வருஷத்துச் சாப்பாடே அதுதான் என்றேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். மூடிக்கொண்டேன்.

விதைக்கிற அன்று அண்ணனே நேரில் வந்தார். கொட்டகையில் நாலு பேர் நின்றார்கள். இரண்டு மூட்டையையும் பிரித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு.

"எனக்குன்னு வச்சத நீ விதைச்சுக்கோ. உனக்குன்னு வச்சத நான் எடுத்துக்கறேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

இவருக்கு முகம் செத்துப்போனது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"ஒண்ணுதான்" என்றார்.

விதைக்கிற வண்டி இரண்டு வயலுக்கும் பொது. அது வாசலிலேயே நின்றது. மூட்டைகளை அண்ணனே ஏற்றினார். மறுபடி மருந்து போட வழியில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். மூடச் சொன்னவர் அவர்தானே.

அண்ணன் வயல் வரிசை பிசகாமல் முளைத்தது. எங்கள் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியது. இவர் குத்தவைத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது அண்ணன் வரப்பில் வந்து நின்றார். ஒரு விதையை எடுத்து விரலால் தேய்த்தார். வெள்ளைப் பூஞ்சை விலகிச் சிவப்பு தெரிந்தது.

"சாயம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, விதையை இவர் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். இருப்பது தீர்கிறவரைக்கும் வைக்கிறேன் என்றேன்.