உச்சிக்குக் கீழே முடிந்த நேர்த்தி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, பேனையை எடுப்பதும் வைப்பதுமாகவே சில வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவன் இல்லை. கடவுளுக்கும் எனக்கும் இடையில் உள்ள ஒன்றை ஊருக்குச் சொல்லலாமா என்ற தயக்கமும் இருந்தது. முருகன் பிழையாக எடுக்கமாட்டார் என்று நம்பி இப்போது எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, பேர்லின் ஆஸ்பத்திரியின் விறாந்தையில் நின்று நேர்த்தி வைத்தேன். "முருகா, இவளைத் திருப்பித் தா. இந்த நாட்டின் உயர்ந்த மலையில் விரதத்தோடு நடந்தே ஏறி, உச்சியில் உன்னைக் கும்பிடுகிறேன்." கதிர்காமம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான். அந்த மலை எங்கே இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அவள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த கோடையில் அவளுடைய தம்பி தொலைபேசியில் தேடிப் பார்த்தான்.

"அத்தான், சுக்ஸ்பிட்ச எண்டு பேர். பவேரியாவில இருக்கு. உச்சி வரைக்கும் கேபிள் கார் போகுது."

"நடந்து வாறனெண்டு சொல்லிப்போட்டன்."

"மாத்தித் தரச்சொல்லி முருகனுக்கு ஒரு அன்ட்ராக் போடேலாதோ?"

"அங்க உந்த விண்ணப்பமெல்லாம் எடுபடாதடா."

மனைவி கேபிள் காரில் போய் உச்சியில் காத்திருப்பது, நானும் தம்பியும் பள்ளத்தாக்கு வழியாக நடப்பது என்று முடிவாயிற்று. சுற்றுப் பாதைதான், ஆனால் ஆபத்துக் குறைவு, வடிவான பாதை என்றார்கள். வடிவுதான். பாறைகளுக்கு நடுவே ஆறு இரைந்துகொண்டு வந்தது. அதற்கு அப்பால், நீலம் போட்டு வேட்டி அலசிய தண்ணீர் போன்ற நிறத்தில் அது காட்டுக்குள் அமைதியாக ஓடியது. தம்பி நின்று நின்று படம் எடுத்தான். நான் நிலத்தைப் பார்த்தே நடந்தேன். உணவகச் சமையலறையில் வருடக்கணக்காக நின்று தேய்ந்த முழங்கால்கள் அவை.

மாலையில் மலைவிடுதியில் தங்கினோம். இறைச்சி இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே வேலை செய்த பெண், பட்டாணி சூப் இருக்கிறது, இறைச்சியே இல்லை என்றாள். கரண்டியை விட்டால் சிவப்புச் சிவப்பாகத் துண்டுகள் மிதந்தன. இது என்ன என்று கேட்டேன்.

"அது இறைச்சி இல்லை, ஸ்பெக்," என்றாள். உப்புப் போட்டுப் புகையில் காயவைத்த பன்றி.

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தான், இவையளுக்கு அது மரக்கறி!" என்று சொல்லி என் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் பாணும் தேத்தண்ணியும் எடுத்தேன். மறுநாளும் அதேதான்.

பாதை செங்குத்தாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி என்று நினைப்பேன். அதற்கு மேல் இன்னொன்று இருக்கும். மரங்கள் முடிந்து, புல்லும் முடிந்து, வெறும் கல்வெளிக்கு வந்து சேர்ந்தோம். தலைக்கு மேலே உச்சி தெரிந்தது. மிஞ்சியது ஒரு சரளைச் சரிவும் கம்பி பிடித்து ஏறும் பாறையும்தான். சரளையில் வைத்த கால் வைத்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு கல்லில் இருந்துவிட்டேன்.

"ஏலாதடா."

தம்பி பகிடியை விட்டுவிட்டான். "முகம் வெளிறிப்போச்சு அத்தான். நடந்தது காணும்."

"நான் இதில இருந்திட்டா, அக்காவுக்குத் திரும்ப ஏதும் வந்தா?"

நான் எழும்பிப் பார்த்தேன். முழங்கால் மடிந்தது. மறுபடியும் எழும்பினேன், மறுபடியும் மடிந்தது. தம்பி ஒதுங்கிப்போய்த் தொலைபேசியில் கதைத்தான்.

உச்சியிலிருந்து அந்தக் கல்வெளிக்கு இறங்கும் சின்ன கேபிள் காரில் அவள் வந்தாள். சேலைக்கு மேல் குளிர் அங்கி. நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி கல்லுக்குக் கல் பார்த்து மெல்ல நடந்து வந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"இந்த நெஞ்சோட ஏன் இறங்கி வந்தனீர்?"

"இஞ்சாருங்கோ, நேர்த்தி ஆருக்கு வச்சனீங்கள்?"

"உமக்குத்தான்."

"நான் நடந்து வந்து முன்னால நிக்கிறன். இதுக்கு மேல அங்க என்னத்தைப் பாக்கப் போறியள்? வாயைத் திறவுங்கோ."

பையில் கொண்டுவந்த புட்டும் வாழைப்பழமும் குழைத்து என் வாயில் வைத்தாள். உச்சியைப் பார்த்து இருந்தபடியே கும்பிட்டேன். "முருகா, இவ்வளவுதான் ஏலும்." சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. களைப்புத்தான். அந்தக் கல்வெளியிலிருந்து கீழே போகும் மலை ரயிலில் இறங்கும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

நேர்த்தி நிறைவேறியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவளுடைய ஒவ்வொரு வைத்தியர் பரிசோதனைக்கும் பயந்துகொண்டுதான் போகிறேன். அவள் சுகமாக இருக்கிறாள். இப்போதுகூட, சாப்பாடு ஆறுகிறது என்று சத்தம் போடுகிறாள்.

நான் உச்சியில் கற்பூரம் கொளுத்தியதாகக் கோயிலில் சொல்கிறார்கள். அங்கே மயில் வந்ததாகவும் ஒருவர் சொன்னார். மயிலும் வரவில்லை, நான் உச்சியை மிதிக்கவும் இல்லை. வைத்த நேர்த்தியை முடிக்க ஏலாமல், என்ன தண்டனை வருமோ என்று படுக்கையில் புரளுகிறவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். இது அவர்களுக்காக எழுதியது. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தயவுசெய்து என்னை மேலே ஏற்றிவிடாதீர்கள். அந்தக் கல்லிலேயே இருக்க விடுங்கள்.