பினாங்கில் வாங்கிய சேலை

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய எங்கள் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நின்றது. மலை இரயிலா, கோயிலா என விவாதித்தோம். எத்துணியையும் இரு விரலால் தேய்த்துப் பார்க்கும் இளம்பிள்ளை என்னும் ஊரைச் சேர்ந்த உடன்பயணி நெசவாளர் ஒருவர் இரண்டையும் மறுத்தார்.

“மலையா? கஞ்சமலை ஊட்டுக்கு எதுக்கயே நிக்குதுங்க. ஊட்டுக்காரிக்குச் சீமைச் சேலை இல்லாமப் போனா வாசப்படி ஏற முடியாதுங்க!”

யானும் அவருடன் கடைகடையாக அலைந்தேன். மாலையில் ஒரு முந்தானையைத் தேய்த்தவர் திகைத்தார்.

“ஏனுங்க, இது என்ற தறியில நெஞ்சதுங்க!”

அவ்வேளை கப்பலின் சங்கு ஒலித்தது. அதையே வாங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“மனைவியார் கண்டுகொள்ள மாட்டாரா?” என வினவினேன்.

“கண்டுக்குவா. நூல் சுத்திக் குடுத்ததே அவதானுங்க. ஆனா கண்ணுல பட்டதை அங்கயே உட்டுட்டு வர மனசு வல்லீங்க. கடல் தாண்டி வந்தா சீமைச் சேலைதானுங்களே?”

அவர் வாசற்படி ஏறினாரோ, யான் இன்றளவும் அறியேன்.