கண்மாய்ப் பொட்டலில் நான்கு முட்டைகள்

மாசியில் எனக்கு இரண்டாவது கருவும் நான்காம் மாதத்தில் கலைந்தது. பத்தே நாளில் லீவு முடிந்து என் கணவர் குவைத்துக்குத் திரும்பினார். பிள்ளை பிறந்தால் படமெடுக்க வாங்கி வந்த கேமராவை அலமாரியில் வைத்து, "இது இங்கனயே கெடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு போனில் எங்களுக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று.

"சாப்டியா?"

"சாப்டேன் மச்சான். நீங்க?"

"ம்."

அவ்வளவுதான்.

மீமிசலுக்கு மேற்கே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்மாய். சித்திரையில் மூலையில் கிடக்கும் குட்டைத் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் பொட்டல். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அதில் நடந்துகொண்டிருந்தேன். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. கீழே பார்த்தேன். சரளைக்கு நடுவே, கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

போனில் படமெடுத்து அனுப்பியதும் அவர் கூப்பிட்டார். "எங்கிட்டு இருக்கு? நாய் வராதா? ஆடு மிதிச்சிராதா?" அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.

மறுநாள் கேமராவை எடுத்தேன். தள்ளி, கருவ மரத்தடியில் உட்கார்ந்தால் குருவிகள் என்னைப் பொருட்படுத்துவதில்லை. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்தன. வெயில் ஏறினால் ஒன்று குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள்மேல் உட்காரும். அந்தப் படத்தைப் பார்த்து அவர், "அடேயப்பா, ஏசி போடுதே" என்று சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு!

அப்புறம்தான் கேட்டார். "நாலு முட்டையும் நல்லா தெரியிற மாதிரி, கிட்டக்கப் போயி ஒண்ணு எடுத்து அனுப்பு புள்ள."

வெளிச்சம் நன்றாக இருக்கட்டுமென்று உச்சிவேளையில் போனேன். முட்டைகளுக்குப் பக்கத்திலேயே குத்தவைத்தேன். என் நிழல் விழுந்தது, நகர்ந்தேன். ஃபோகஸ் சரியாக வரவில்லை, மறுபடி எடுத்தேன். மேலே ஒன்று கத்திக் கத்திச் சுற்றியது. இன்னொன்று நனைந்த வயிற்றோடு பத்தடி தள்ளி நின்று, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அதையும் ஒரு படம் எடுத்தேன். எழுந்தபோது கையில் கேமரா சுட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகும் அவை விடாமல் அடைகாத்தன. ஒரு மாதம் தாண்டியும் பொரிக்கவில்லை. பிறகு ஒரு குருவி மட்டும் அடைகாக்க வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீராகக் குலுங்கியது.

மூன்று நாள் பழைய படங்களை அனுப்பி அவரை ஏமாற்றினேன். நான்காம் நாள் முடியவில்லை. "பொரிக்காது மச்சான். நான்தான் வெயில்ல வேகவிட்டுட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கேட்டது நான்தான்ல" என்றார். பிறகு மெதுவாக, "ஆஸ்பத்திரியில அன்னைக்கி அதைத் துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க. ஒங்கிட்டச் சொல்லல. உள்ளங்கையளவுதான் இருந்துச்சு."

"எங்க வச்சீங்க?"

"பள்ளிவாசல் மையவாடியில. வேப்பமரத்தடியில நானே குழி வெட்டுனேன்." அவர் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அந்த அடக்கஸ்தலத்துக்குப் போனேன். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே மூன்று வேப்பமரங்கள் இருந்தன. எதுவென்று கேட்கலாமென்றால் அவர் வேலைக்குப் போயிருப்பார். மூன்றையும் பார்த்தபடி கையேந்தி துஆ கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.