சாவியக்கா வீட்டுக் கூட்டணி

எங்கள் தெருவில் கூட்டணி ஆட்சி நடந்த ஒரே இடம் சாவியக்காவின் வீடு. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு எம்.எல்.ஏ., தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக அவரைத் தோற்கடித்தவர், குளியலறைக் கதவாக அந்த இரண்டு பேரையும் திட்டியே ஜெயித்த மூன்றாமவர். ஆட்கள் இல்லை, அவர்களின் பெயர்ப் பலகைகள். நல்ல கனமான தகரம். ஒருவர் தோற்றதும் பலகையைக் கழற்றி ஓரமாக வீசுவார்கள். குப்பையில் போட மனம் வராமல் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தைக் காலையில் திறப்பது, பெருக்குவது, டீ போடுவது, மாலையில் பூட்டுவது அவர் வேலை. எதிரே என் ஜெராக்ஸ் கடை. மனு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் நகல் எடுத்துக்கொண்டு அங்கே போய் பெஞ்சில் உட்காருவார்கள். அக்கா டீயோடு வந்து, "என்ன விஷயமா வந்தீங்க?" என்பார். அது அவர் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. ஆனாலும் கேட்பார், வந்தவர்களும் ஒன்று விடாமல் கொட்டிவிடுவார்கள். சிலர், "அதான் அந்தம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்று எம்.எல்.ஏ.வைப் பார்க்காமலே கிளம்பியதும் உண்டு.

கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. ஊர்க்கதையை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒண்டியாகச் சமைத்து ஒண்டியாகச் சாப்பிடுவார்.

புதிதாக ஜெயித்து வருகிற ஒவ்வொருவருக்கும் அவர்மேல் சந்தேகம் வரும். "போனவரோட ஆளா நீங்க?"

"ஆமாங்க. போனவர் வந்தப்போ, அதுக்கும் முன்னாடி இருந்தவரோட ஆளுன்னாங்க."

சிரித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை தோற்றுப்போனவர் ஒருவர், இடையில் ஒருவரை விட்டு, மறுபடி ஜெயித்தார். அக்கா குளியலறைக் கதவைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, அலுவலக வாசலில் மாட்டினார். "என் போர்டை இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தியேம்மா!" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா டீ போட உள்ளே போய்விட்டார். அவர் மறுபடி தோற்கும் வரை பழைய சேலையைத் தொங்கவிட்டுக் குளித்தார்.

தேர்தல் அறிவித்துவிட்டால் அலுவலகத்தைப் பூட்டி, சாவியை அதிகாரிகள் வாங்கிக்கொள்வார்கள். அந்த நாட்களில் அக்கா என் கடையில்தான் கிடப்பார். "வீட்டுல செவுத்துகிட்ட எவ்ளோ நேரம்தான் பேசறது தம்பி? அது பதில் சொல்லித் தொலைச்சா இன்னும் பயம்." ஜெயித்தவர் வந்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வரும்.

போன தேர்தலுக்கு முன் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். எங்கள் தொகுதியே இல்லாமல் போனது. பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். எங்கள் தெரு பக்கத்து ஊர்த் தொகுதியோடு போய்ச் சேர்ந்தது. அங்கே ஜெயித்தவருக்கு அவர் ஊரிலேயே அலுவலகம் இருந்தது. இங்கே எதற்கு இன்னொன்று? அக்காவுக்குச் சாவி வரவில்லை.

"நேர்ல போய் கேட்டுடறேன்" என்றார். "இதைத் தொறக்கலைன்னா அங்கயாவது நிக்கறேன். நாலு மனுசங்க நடுவுல இருந்தா போதும்."

நானும் கூடப் போனேன். பளபளவென்று பெரிய அலுவலகம். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷத்தில் மனு கொடுப்பவர்களின் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா டீத் தட்டோடு வந்தார். ஏறக்குறைய அக்காவின் வயதுதான். இடுப்பில் சாவிக்கொத்து. அக்கா அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவியாளர் பேனாவை எடுத்தார். "என்ன விஷயமா வந்தீங்கம்மா?"

நான் வாயெடுத்தேன், அக்கா முழங்கையால் இடித்தார். "எங்க தெருவுல விளக்கு எரியலைங்க. மூடிக் கிடக்கற ஆபீஸ் இருக்குல்ல, அதுக்கு நேரா."

எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?"

"அந்தம்மா எங்க போவா தம்பி?" என்றார். நாலடி நடந்து, "டீல தண்ணிதான் ஜாஸ்தி" என்றார்.

விளக்கு உடனே எரிந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பூட்டிய அலுவலக வாசலில் பழைய பலகை இல்லை. கடைசியாகக் கழற்றியதை அக்கா எடுத்துப் போனார். அதில் தொகுதியின் பெயரும் இருந்ததால் எதற்கும் அடைப்பாக வைக்காமல், சுவரோரம் சும்மா சாய்த்து வைத்திருக்கிறார்.

விஷயம் தெரியாமல் யாராவது மனுவோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்பார்கள். அவர்களுக்கு பஸ் நம்பர் சொல்லி அனுப்புவதற்காக அக்கா தினமும் படியில் வந்து உட்கார ஆரம்பித்தார். போகப் போக வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. அக்கா மட்டும் வந்தார்.

நேற்று மாலை கடையை அடைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தது பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்குப் போங்கக்கா என்று சொல்லத்தான் போனேன்.

என்னை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "என்ன விஷயமா வந்தீங்க?"

எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை யோசித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.