போனுக்குள் விழும் பேர்

மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் இலங்கையே வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருடம் நான் நோர்வேக்கு வந்தேன். மகன் கூப்பிட்டான், வந்துவிட்டேன். தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதித் தருகிறாள்.

வந்த முதல் குளிர்காலத்தில் தெருவில் எல்லாக் கூரையிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி ஏறிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஓலாவின் கொட்டகையில் மட்டும் பொட்டுப் பனி இல்லை. தகரம் ஈரமாக மினுங்கியது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் வேலியோரம் நின்ற ஓலாவிடம் கூரையைக் கைகாட்டி, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு காதையும் பொத்திக்காட்டி, "உன்ஷுல், உன்ஷுல்" என்றார். மனிதருக்குக் காதுவலி போலிருக்கிறது என்று நினைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி விடுங்கள் என்று நானும் கையால் சொன்னேன். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு கட்டுக் காய்ந்த விறகு இருந்தது.

மகன் சிரித்துச் சிரித்து விளக்கினான். "கொட்டகையில மெஷினு சத்தம் போடுதுன்னு நீங்க சண்டைக்குப் போனதா நெனச்சிட்டாருப்பா. உன்ஷுல்னா மன்னிச்சுக்கங்கன்னு அர்த்தம். அதுக்குத்தான் வெறகும் குடுத்திருக்காரு."

கொட்டகைக்குள் கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடுகின்றனவாம். பிட்காயின் மாதிரி ஏதோ ஒரு காசை அவை உண்டாக்குகின்றனவாம். அந்தச் சூட்டில்தான் பனி நிற்பதில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதை வெட்டி, எதை அரைத்துக் காசு வருகிறது? "கணக்குப் போடுதுப்பா" என்றான் மகன். யாருடைய கணக்கு என்று கேட்டேன். அவனுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. மனிதன் சும்மா இருக்க, இயந்திரம் அவனுக்காக வேலை செய்கிறது. எங்கள் பக்கம் அப்படி எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. கொத்மலையில் தண்ணீரைத் தேக்கிக் கரண்ட் எடுத்த பிறகும் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பல வருடம் குப்பிலாம்புதான் எரிந்தது. ஒரு பல்பு வந்த அன்று என் தங்கச்சி பாக்கியம் அதற்கு விபூதி வைக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். அவள் இன்னும் பொகவந்தலாவையில் அதே லயத்தில்தான் இருக்கிறாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. மகன் வாங்கி அனுப்பிய ஒரு போன்தான் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் பாதை.

அந்தப் போனில்தான் நான் பெருமையாகச் சொன்னேன், இங்கே வெள்ளைக்காரன் தூங்குகிறான், கம்ப்யூட்டர் சம்பாதிக்கிறது என்று. சொன்னதோடு நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. பஜாரில் போன் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் போனிலேயே செய்யலாம் என்று அவர் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார். காலையில் ஒருமுறை அழுத்த வேண்டும். பிறகு போன் சார்ஜரிலேயே கிடந்து நாள் முழுக்க ஓட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் சேர்ந்ததெல்லாம் போய்விடுமாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, அன்றைய கொழுந்தை நிறுவையில் சரியாகக் காட்டினால்தான் ஒரு பேர் விழும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மழையில் அட்டைக் கடியோடு நின்ற நாளிலும் பாக்கியம் அரைப் பேருக்குச் சம்மதிக்க மாட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு மல்லுக்கு நிற்பாள். வயதாகி அவளுக்குப் பேர் நின்று ஆறு வருடமாகிறது. இப்போது விடிந்ததும் முகம் கழுவி, போனை அழுத்திவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறாளாம்.

போன மாதம் வீடியோவில் அவள் முகம் கோணலாகத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

"போன் வயிறு ஊதிக்கிச்சுண்ணே. பின்மூடி நிக்க மாட்டேங்குது. றப்பர் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அடுப்புக்கல்லு மாதிரி சுடுது. குளிருக்குத் தலகாணிப் பக்கத்துல வச்சுக்கிட்டா நல்லாத்தான் இருக்கு."

மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "பேட்டரி வெடிச்சிரும்பா. உடனே நிப்பாட்டச் சொல்லுங்க" என்றான். அது பிரயோசனமா இல்லையா என்று அப்போதுதான் ஓலாவிடமே விசாரித்தான். ஓலா தோளைக் குலுக்கினார். கரண்டுக்குக் கொடுப்பது வருவதைவிட அதிகம், விறகு காய்வதால் விட்டுவைத்திருக்கிறேன் என்றாராம். அவ்வளவு பெரிய இயந்திரங்களுக்கே அந்தக் கதி. கைப்போனும் மடிக்கணினியும் தேய்ந்து சாகுமே தவிர, ஒரு சுண்டு அரிசிக்கும் வழி பிறக்காது என்றான் மகன்.

அன்றே பாக்கியத்தைக் கூப்பிட்டேன். பதற்றத்தில் நல்லபடி சொல்ல வரவில்லை. "அறிவிருக்கா ஒனக்கு? எவனோ சொன்னான்னு போன நெருப்பாக்கி வச்சிருக்க!"

"எவனோ சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

அதோடு அவள் விடவில்லை.

"நூத்திப் பதினாறு நாளு, ஒரு நாளு தவறல. அதுல பேரு கேட்டுச்சு. என் பேரு குடுக்கலண்ணே, ஒங்க பேருதான் குடுத்திருக்கேன். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்துல ஒங்க பேர வெட்டிட்டாங்க. அந்த நாட்டுலயும் ஒங்களுக்கு ஒரு வேல வெட்டி இல்ல. எங்கயாவது ஒரு எடத்துல ஒங்க பேரு விழட்டுமேன்னுதான். அதப் போயி நிப்பாட்டச் சொல்றீங்க."

"நிப்பாட்டு புள்ள" என்று கத்தினேன். தொடர்பு அறுந்தது.

இருபது நாளாகிறது. நான் அழைத்தால் மணி போவதில்லை. போன் செத்துவிட்டது என்றால் அவளுக்கு ஆபத்து இல்லை, ஆனால் இனி அவள் குரல் எனக்கு இல்லை. கோபத்தில் என் அழைப்பை மட்டும் வராமல் அடைத்து வைத்திருக்கிறாள் என்றால், அது இன்னும் அவள் தலைமாட்டில் சுட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது? இங்கே நான் சன்னலோரம் குந்தியிருக்கிறேன். அங்கே என் பேர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இதைப் படிக்கிறவர்களில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் ஏறுகிறவர்கள் யாராவது இருந்தால், மேல் டிவிஷனில் கோயிலுக்குப் பின்னால் உள்ள லயத்தில் பாக்கியம் என்று கேளுங்கள். யாரானாலும் காட்டுவார்கள். முதலில் போனை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு இதையும் சொல்லுங்கள்: "ஒங்கண்ணனுக்குக் கோவம் இல்ல. தப்பாச் சொன்னது அவருதான். நாளைக்கு ஒரு நாளு அவரு பேரு விழ வேணாமாம்."